பஞ்சாரத்துக்குள் ஒரு நோயாளி: வாசகர் கேள்வி – பதில்

பர்மாவில் மழை பிடித்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் அடிபட்ட கோழிகள்தான் அதிகம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, பதில்களை இங்கே தருகிறோம்.

நேற்று மாலை தெருநாய் ஒன்று எங்கள் முட்டைக்கோழியைக் கவ்வி உதறிவிட்டது. முதுகில் உள்ளங்கை அளவு தோல் கிழிந்து தொங்குகிறது. மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் குழைத்து அப்பியிருக்கிறோம். கோழி கண்ணை மூடியபடி நிற்கிறது, தீனி எடுக்கவில்லை. பிழைக்குமா?
– வாசகி, பெகு

பிழைக்க வாய்ப்பு இருக்கிறது அம்மா. முதுகுத் தோல் கிழிந்த காயம் பார்க்கத்தான் கோரம். கோழியின் தோல் காகிதம்போல மெல்லியது, சதையோடு ஒட்டாமல் கிடப்பது. அதனால் சுலபமாகக் கிழியும், அதே வேகத்தில் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டும் வரும். பயப்பட வேண்டியது கிழிசலுக்கு அல்ல, நாயின் கோரைப்பல் இறங்கிய சிறு துளைகளுக்கு. வெளியே மிளகு அளவுதான் தெரியும், உள்ளே சதை நசுங்கிக் கிடக்கும். நாய்வாயில் உள்ள கிருமி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணை மூடி நிற்பது அதிர்ச்சி. இந்த நிலையில் கோழியைப் பிடித்துக் காயம் கழுவினால் கையிலேயே செத்துப்போவதும் உண்டு. ஆகவே சாம்பலை உடனே சுரண்டாதீர்கள். முதலில் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, பக்கவாட்டில் நாலைந்து துளை போட்டு, கோழியை உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. இரத்தம் இன்னும் வடிந்தால் மட்டும் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால், உறைந்தது பிய்ந்து மறுபடி வடியும்.

சூடும் வேண்டும். கோழியின் உடல்சூடு ஏறத்தாழ 41 டிகிரி, நம்முடையதைவிட நான்கு டிகிரி கூட. அதிர்ச்சியில் அது சரசரவென்று இறங்கும். பல்பு கட்டலாம், ஆனால் நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்? ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். சூடு போதுமென்றால் கோழி மறு மூலைக்கு நகர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம் என்று பொருள். சித்திரை வெயிலில் பகல்நேரத்துக்கு இந்த பாட்டிலே தேவையில்லை.

அரை மணி கழித்து, கோழி கண்ணைத் திறந்து தலையைத் திருப்பிப் பார்த்தால் கழுவத் தொடங்கலாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மட்ட டீஸ்பூன் கல்லுப்புத் தூள். தலை தட்டிய ஸ்பூன், குவித்தது அல்ல. இந்த அளவு உடம்பின் உப்புக்குக் கிட்டத்தட்டச் சமம், ஆகவே எரியாது. சாம்பல் காய்ந்து பிடித்திருப்பதால், முதலில் இந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிடுங்கள். பிறகு ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சி அடியுங்கள். ஓடிவரும் நீர் தெளிவாகும்வரை, ஒரு காயத்துக்கு 100, 200 மில்லிகூடப் போகும். தேய்க்க வேண்டாம், தண்ணீரின் வேகமே அழுக்கைக் கொண்டுபோகும்.

காயத்தைச் சுற்றிய இறகுகளைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தோலும் கூடவே வரும். பிறகு உடம்பு முழுக்க, குறிப்பாகக் காயத்துக்கு எதிர்ப்பக்கத்தில், இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். தாடைக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா, மேல்பல் முதுகில் என்றால் கீழ்ப்பல் வயிற்றிலோ தொடையிலோ பதிந்திருக்கும்.

கடைசியில் போவிடோன் அயோடின். 10 சதவீதப் புட்டியிலிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்து, ஒரு டீ கப் உப்புநீரில் கலந்தால் டீக்கடையில் மேசைக்கு மேசை வைக்கும் வெறுந்தேநீரைவிடச் சற்றே அடர்ந்த நிறம் வரும். அதுதான் அளவு. புட்டியிலிருந்து அப்படியே ஊற்றினால் கிருமியோடு புதுச் சதையும் கருகும். முதல் நான்கைந்து நாள் காலை மாலை இதே கழுவல். பொருக்கு தட்டிய பிறகு தொடவே தொடாதீர்கள், அடியில் தோல் வளர்ந்ததும் தானாக உதிரும். உள்ளங்கை அளவு மூட மூன்றிலிருந்து ஐந்து வாரம் பிடிக்கலாம்.

தொங்கும் தோலை வீட்டு ஊசிநூலால் தைக்க நினைக்காதீர்கள், கிருமியை உள்ளே வைத்துத் தைத்ததாக ஆகிவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினால் அவர் தைக்கக்கூடும், ஒரு இரவு தாண்டினால் திறந்து விட்டு ஆறவைப்பதே நல்லது. பல் துளை ஒன்றாவது இருந்தால் 24 மணிக்குள் டவுன்ஷிப் கால்நடை அலுவலகத்துக்குத் தூக்கிப் போங்கள், கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும். தோலுக்கடியில் காற்று ஏறி, விரலால் அழுத்தினால் பொரி நொறுங்குவதுபோல் இருந்தால் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை கிழிந்திருக்கிறது. அப்போதும் தாமதிக்க வேண்டாம்.

பிடிக்கும் முறை ஒன்று சொல்ல வேண்டும். துண்டால் இறக்கையை மூடிச் சுற்றுங்கள், ஆனால் நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கட்டுப் போதும், காயம் ஆறுவதற்குள் கோழி மூச்சுமுட்டிப் போய்விடும்.

மஞ்சள் போடக்கூடாதா? தனக்கா மரப்பட்டையை அரைத்துப் போட்டால் குளிர்ச்சி என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. தேன்?
– வாசகர், மோல்மேன்

மஞ்சள் கெட்டதல்ல, மாவாக அப்புவதுதான் கெட்டது. எந்தப் பொடியானாலும் ஈரக் காயத்தில் சேர்ந்தால் கட்டியாகி மூடிபோல் உட்காரும், அடியில் சீழ் வளரும். கோழியின் சீழ் நம்முடையதுபோல் ஒழுகாது என்பதை மனதில் வையுங்கள். பாலாடைக்கட்டிபோல் கெட்டியாக உறைந்துவிடும், வெளியே வழியாது, வழித்தெடுத்தால்தான் உண்டு. அதனால் மேலே கெட்டியாக அப்பி மூடும் வைத்தியம் எல்லாமே கோழிக்கு ஆகாது. கழுவிச் சுத்தமான மேலோட்டச் சிராய்ப்புக்குத் தேங்காயெண்ணெயில் துளி மஞ்சள் குழைத்துத் தொட்டு வைப்பதில் தவறில்லை.

தனக்காவை முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஈரமாகவே இருக்கும் கல்லில், குழாய்த் தண்ணீர் விட்டு அரைப்பது அது. திறந்த சதைக்குப் போடும் பொருள் அல்ல.

தேன் நல்லது, உண்மையான தேனாக இருந்தால். கழுவிய காயத்தில் மெல்லிசாகத் தடவி, மேலே காஸ் துணி. ஆனால் அரை மணியில் எறும்பு வரிசை பிடிக்கும். பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். சுவரையோ தொங்கும் கயிற்றையோ பெட்டி தொடக்கூடாது, எறும்புக்கு அதுவே பாலம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துப் பலருக்கு ஒரு திருப்தி. நுரைப்பது ஆறிவரும் சதையும்தான். ஸ்பிரிட், மண்ணெண்ணெய், மாட்டுக்காயத்துக்குப் போடும் டர்பன்டைன் எதுவும் கோழி பக்கம் வரவேண்டாம்.

அலகு நுனி உடைந்து இரத்தம் நிற்கவில்லை.
– வாசகி, ரங்கூன்

இங்கே மட்டும் பொடி போடலாம். அரிசிமாவோ சோளமாவோ ஒரு சிட்டிகை, அல்லது தூளாக்கிய படிகாரம், நுனியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். நகம் பிய்ந்தாலும் இதே வைத்தியம். அலகு திரும்ப வளரும்வரை குருணை கொத்த வலிக்கும், குழைத்த தீனியை ஆழமான கிண்ணத்தில் வையுங்கள்.

வீட்டுக்கடியில் அடைகிற கோழி. வால்பக்கம் சின்னக் காயம் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் நாற்றம், பார்த்தால் புழு நெளிகிறது. இனி அறுத்துப் புதைக்க வேண்டியதுதானா?
– வாசகர், தட்டோன்

இல்லை. புழு வைத்த கோழிகள் ஏராளமாகப் பிழைக்கின்றன, கண்டுபிடித்த அன்றே கை வைத்தால். இங்கே மட்டும் "அரை மணி அமைதி" விதி பொருந்தாது, ஒவ்வொரு மணி நேரமும் புழு உள்ளே போகும்.

மழைக்காலத்தில் நடப்பது இதுதான். ஈரமான இறகு, கழிச்சல் ஒட்டிய வால்பக்கம், கொஞ்சம் இரத்த வாசனை. ஈ வந்து முட்டையிடும். இறகின் அடியில் வெள்ளை ரவையை ஒட்டினாற்போல் கொத்தாக இருக்கும், பலர் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நம் வெப்பத்தில் ஒரு பகலோ ஓர் இரவோ போதும், பொரித்துவிடும்.

வெதுவெதுப்பான உப்புநீரை ஒரு பேசினில் ஊற்றி, கோழியின் பின்பாகத்தை மட்டும் பத்து நிமிடம் அமிழ்த்திப் பிடியுங்கள். மூச்சுக்காகப் புழு மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பாதியில் அறுந்து உள்ளே தங்க விடாதீர்கள். பிறகு சிரிஞ்சால் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் பீய்ச்சுங்கள். முடிந்தது என்று தோன்றும்போது துண்டால் ஒற்றிக் காயவைத்து, ஒரு மணி கழித்து மறுபடி பாருங்கள். பின்வாங்கியிருந்தவை அப்போது எட்டிப்பார்க்கும். முதல் இரண்டு நாள் நான்கு தரம், அடுத்த மூன்று நாள் இரண்டு தரம். ரவைபோல் ஒட்டிய முட்டைகளை இறகோடு சேர்த்துக் கத்தரித்துவிடுவதே சுலபம்.

வேப்பெண்ணெயைக் காயத்துக்குள் விடாமல், சுற்றியுள்ள இறகின் மேல் மட்டும் பூசினால் ஈ அண்டுவது குறையும். பெட்டி வாயில் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள், எண்ணெயைவிட வலைதான் நம்பகம். காயம் ஆழமாக வயிற்றுப்பக்கம் இறங்கியிருந்தாலோ, முட்டை வரும் துவாரத்துக்குள் புழு போயிருந்தாலோ வீட்டு வைத்தியத்தின் எல்லை அங்கே முடிகிறது. மருத்துவர் சரிவராது என்றால், வதைக்காமல், பழகிய கை உள்ளவரைக் கொண்டு ஒரே வெட்டில் முடிப்பது அதற்குச் செய்யும் உபகாரம்.

மருந்துக்கடையில் மனிதருக்குக் கொடுக்கும் வலி மாத்திரையைக் கால் பாகமாக்கிக் கொடுக்கலாம் என்கிறார்கள்.
– வாசகர், ரங்கூன்

கூடாது தம்பி. மனிதருக்குக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தையே மாடுகளுக்கும் வலி தீர்க்கப் போட்டார்கள். அந்த மாடுகள் செத்தபின் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியத் துணைக்கண்டம் முழுக்கச் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. இந்தியா 2006இல் மாட்டு மருந்தாக அதைத் தடை செய்தது. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். பறவைகளுக்கு மெலாக்சிகாம் என்ற மருந்தைத்தான் மருத்துவர்கள் எழுதுவார்கள், அதையும் எடை பார்த்து. ஒரு விசை, அதாவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் உள்ள கோழிக்கும், அரை விசைக் கோழிக்கும் ஒரே அளவு வராது. சமையல் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள்.

களிம்பு வாங்கினால் அட்டையைப் படியுங்கள். மருந்துப் பெயர் "கெய்ன்" என்று முடிந்தால், பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் போல, அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. பறவைக்கு அதன் அளவு சட்டென்று மீறிவிடும். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் குளோராம்ஃபெனிகால் மாத்திரையும் வேண்டாம், உணவுக்காக வளர்க்கும் பிராணிக்குக் கொடுக்கக்கூடாதென்று பல நாடுகள் விலக்கியது அது. எந்தக் கிருமிக்கொல்லி கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையும் கறியும் ஆகாது என்று கேட்டு, பெட்டியின் மேலேயே தேதி எழுதி ஒட்டுங்கள்.

கால் ஒடிந்துவிட்டது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டலாமா?
– வாசகர், பெகு

எந்த இடம் என்பதைப் பொறுத்தது. செதில் மூடிய குச்சிக்காலில், தோல் கிழியாமல் ஒடிந்திருந்தால் கட்டலாம். கறிக்கடையில் லெக் பீஸ் என்கிறோமே, அந்த எலும்பென்றால் கஷ்டப்பட்டுக் கட்டலாம். அதற்கு மேலே தொடை எலும்பு ஒடிந்தால் கட்டு நிற்காது.

இரண்டு மூங்கில் சிம்புகள், அரை அங்குல அகலம், மூட்டிலிருந்து பாதம்வரை நீளம், முனைகள் உரசித் தேய்த்தவை. முதலில் காலைச் சுற்றிப் பஞ்சு ஒரு படலம், அதன் மேல் இரு பக்கமும் சிம்பு, அதன் மேல் பேப்பர் டேப். ஒருவர் காலை இயல்பான வளைவில் பிடிக்க, மற்றவர் கட்ட வேண்டும். தனியாளாகச் செய்தால் கோணிக்கொள்ளும். கட்டிய ஒரு மணி கழித்து விரல்களைத் தொடுங்கள். சில்லிட்டோ வீங்கியோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்த்துவிடுங்கள். இறுக்கிக் கட்டிக் கால் அழுகிப்போவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. பறவை எலும்பு சீக்கிரம் கூடும், இரண்டிலிருந்து மூன்று வாரம். அதுவரை சிறிய கூடை, ஏறுவதற்குக் கம்பு கிடையாது. குஞ்சுக்குச் சிம்புக்குப் பதில் ஐஸ் குச்சியைப் பிளந்து வைக்கலாம்.

இறக்கை என்றால் உடம்போடு மடித்து, எட்டு வடிவில் கட்டுவார்கள். பத்து, பதினான்கு நாளுக்கு மேல் விட்டால் மூட்டு விறைத்துவிடும். தோளிலிருந்து முதல் மடிப்பு வரையுள்ள எலும்பு ஒடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் தண்ணீர் பீய்ச்சவே கூடாது. அந்த எலும்பு உள்ளே குழல், காற்றுப்பையோடு சேர்ந்தது. ஊற்றும் தண்ணீர் நேராக மூச்சுக்குள் போகும். சுத்தத் துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அடிபட்ட கோழி தண்ணீர் குடிக்கவில்லை. வாயைத் திறந்து ஊற்றினோம், மூச்சுத் திணறுகிறது.
– வாசகி, மோல்மேன்

இனி ஊற்றாதீர்கள். கோழியின் நாக்குக்குச் சற்றுப் பின்னால், வாயின் தளத்திலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது. ஊற்றியது அதில்தான் போயிருக்கும். அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், தானாக உறிஞ்சும். விழுங்கியதும் அடுத்த சொட்டு. தலையைத் தூக்காமல் சோர்ந்து கிடக்கும் கோழிக்குச் சொட்டுக்கூட வேண்டாம்.

முதல் நாளுக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து வைக்கலாம். மறுநாளிலிருந்து வெறும் தண்ணீர். தீனிக்கு, அவித்த முட்டையை நசுக்கிச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், தோல் வளரப் புரதம் வேண்டும். மிஞ்சிய குழம்புச் சோறும், ஙப்பி என்ற உப்பு மீன் விழுது கலந்ததும் கூடாது. அந்த உப்பைக் கோழியின் சிறுநீரகம் தாங்காது.

எச்சத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை நீராகப் போனால் குடல் காலி, பித்தம் மட்டும் இறங்குகிறது, அதாவது தின்னவில்லை. தின்னும்போது கழுத்தடி வழியாகத் தீனி கொட்டினால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. அதற்குத் தையல்தான்.

நாய் கடித்த கோழியால் நமக்கு வெறிநோய் வருமா?
– வாசகர், தட்டோன்

கோழி பரப்பாது. ஆனால் கோழி மேல் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும்போது, உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அலட்சியம் வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரிடம் சொல்லுங்கள். கோழியைக் காக்கப்போய் நாயிடம் நீங்களே கடிபட்டிருந்தால் அன்றைக்கே தடுப்பூசி.

காயமே இல்லை, ஆனால் ஒரு காலை முன்னே, ஒரு காலை பின்னே நீட்டிப் படுத்துவிட்டது.
– வாசகி, ரங்கூன்

அது அடி அல்ல, நரம்பைத் தாக்கும் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். கட்டுப் போட்டுப் பயனில்லை. மற்றவற்றிடமிருந்து பிரித்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே வாரத்தில் பல கோழிகள் காயமின்றிச் சாய்ந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2006இல் மண்டலைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட சேவல். கீரி கடித்து மருந்து ஓடுகிறது. அடுத்த மாதம் பூசை.
– வாசகர், பெகு

ஊனமான சேவலை ஏற்பாரா என்பதைப் பூசாரியிடம் கேளுங்கள் ஐயா. எங்களுக்குத் தெரிந்தது, பூசைக்குப் பிறகு அதைத் தின்னப்போவது நீங்கள்தான் என்பது. மருந்தின் விலக்கு நாள், அதாவது கறி ஆகாத நாள், முடியாவிட்டால் வேறு சேவல் பார்க்க வேண்டும்.

காயம் ஆறி மூன்று வாரம் கழித்துக் கூட்டில் விட்டோம். மற்ற கோழிகள் கொத்திப் பழைய புண்ணைப் பிளந்துவிட்டன.
– வாசகி, மோல்மேன்

இரண்டு தவறுகள். முதலாவது, மூன்று வாரம் கண்ணில் படாத கோழி அதுகளுக்கு வெளியூர்க் கோழி. கொத்து வரிசையில் அதன் இடம் போய்விட்டது. இரண்டாவது, சிவந்த தோல் தெரிகிறபோதே விட்டிருக்கிறீர்கள். சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும், அதற்குப் பகை எதுவும் வேண்டாம். சிவப்பை மறைக்க ஊதா மருந்து பூசுவது பழைய பழக்கம், நாம் முட்டைக்காக வளர்க்கும் கோழிக்கு அது வேண்டாம்.

மறுபடி ஆறட்டும். புது இறகின் குருத்து முளைத்துத் தோலை மூடும்வரை காத்திருங்கள். இந்த முறை கூடையை மற்ற கோழிகள் மேயும் இடத்திலேயே கவிழ்த்து வையுங்கள், நான்கைந்து நாள் கம்பிக்கிடையில் பார்த்துப் பழகட்டும். பிறகு இருட்டியபின், எல்லாம் கம்பில் ஏறி உறங்கும் நேரத்தில், நடுவில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். விடிந்ததும் இரண்டு இடங்களில் தீனி வைத்துவிட்டு அரை மணி அங்கேயே நில்லுங்கள். ஓரிரு கொத்து விழும், அது வரிசை போடுகிற சண்டை, தலையிட வேண்டாம். ஒரே கோழி விடாமல் துரத்தினால், அடிபட்டதை அல்ல, துரத்துகிறதைப் பிடித்து மூன்று நாள் பஞ்சாரத்தில் போடுங்கள்.